துணைக்குப் போன படிப்பு

சில வருடங்களுக்கு முன், பிளஸ் டூ ரிசல்ட் வந்து இன்ஜினியரிங் கலந்தாய்வுக்காகக் காத்திருந்த ஜூலை மாதம் அது. செஞ்சியில் நான் படித்த அரசுப் பெண்கள் பள்ளியிலேயே, விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு உதவியாக ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் எங்கள் கம்ப்யூட்டர் மிஸ் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த மேஜைக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்ன ஒரு பதிலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் பள்ளியில் ஒருநாள் உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டம் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஷீட் போட்ட ஹாலில், ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பேசினார்கள். வங்கி வேலைக்கு என்ன படிக்கலாம், நர்சிங்குக்கு என்ன படிக்கலாம், போட்டித் தேர்வுக்கு எப்படித் தயாராகலாம். எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் வெயிலும் சாம்பார் சாதமும் சேர்ந்து எங்களில் பாதிப் பேரைச் சாய்த்துவிட்டன. நானும் என் தோழியின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன்.

கடைசியாக ஒரு அக்கா வந்தார். ஷூவெல்லாம் சேறு. ஏரி, குளம், நிலத்தடி நீர் சம்பந்தமான வேலை பார்ப்பதாகச் சொன்னார். எங்கள் மூஞ்சிகளைப் பார்த்ததும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "உக்காந்தது போதும், எல்லாரும் கெணத்தாண்ட வாங்க" என்றார். பள்ளிக்குப் பின்பக்கம் கம்பி வலை போட்டு மூடிய கிணறு ஒன்று உண்டு. குப்பை போடாதே என்று திட்டு வாங்குவதற்கு மட்டுமே அந்தப் பக்கம் போயிருக்கிறோம்.

அந்த அக்கா பையிலிருந்து டேப் சுற்றிய உருளை ஒன்றை எடுத்தார். நுனியில் ஒரு சின்னக் குண்டு. கிணற்றுக்குள் இறக்கினால், தண்ணீரைத் தொட்டதும் உருளை சத்தம் போடும் என்றார். யார் இறக்குகிறீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். நகர்ந்ததில் நான் கொஞ்சம் மெதுவாக நகர்ந்துவிட்டேன் போலிருக்கிறது, உருளை என் கைக்கு வந்துவிட்டது. வலை இடுக்கு வழியாக டேப் இறங்கிக்கொண்டே போனது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று கையில் இருந்தது கீச்சென்று கத்தியது. நானும் கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கிற தண்ணீர் எனக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

"போன வருஷம் இதே மாசம் இந்தக் கெணத்துல தண்ணி எங்க இருந்துச்சு, யாருக்காவது தெரியுமா?" என்று அவர் கேட்டார். டீச்சர்கள் உட்பட யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, எந்த ஊரில் எத்தனை போர் போடலாம், எந்த ஏரியை எப்படித் தூர் வாரலாம் என்று சொல்வதுதான் தன் வேலை என்றார். சோலார், காற்றாலை, காடு, மண், கழிவுநீர் என்று இந்த மாதிரிச் சுற்றுச்சூழல் வேலைகளுக்கு இனிமேல் படித்த ஆட்கள் நிறைய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். பெல் அடித்துவிட்டது. நான் கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடி, இதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டேன். அக்ரி இன்ஜினியரிங் படிக்கலாம், மண்ணும் நீரும் அதில்தான் வரும், சுற்றுச்சூழல் இன்ஜினியரிங்கும் இருக்கிறது, கோயம்புத்தூர் பக்கம் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன என்றார். மேத்ஸ் குரூப்தானே, தாராளமாகப் போகலாம் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு எங்கள் ஊர் சிங்கவரம் வரை சைக்கிள் மிதித்ததே தெரியவில்லை. வழியில் இருந்த கிணற்றையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். வீட்டில் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அம்மா மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். "கெணத்த எட்டிப் பாக்கறதுக்கு இன்னாத்துக்குடி படிப்பு? நம்ம ஊர்ல எல்லாரும்தான் எட்டிப் பாக்கறோம்" என்றாள். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு அந்தப் பேச்சை விட்டும்விட்டேன். நைனாவிடம், அதாவது அப்பாவிடம், போகவே இல்லை. நைனா கொத்தனார். காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவார், வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அவரிடம் எதையும் அம்மா வழியாகவே கேட்டுப் பழகிவிட்டேன்.

ரிசல்ட் வந்தது. எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் முதலில் ஸ்வீட் கொடுப்பார்கள், அடுத்து ஒரு கேள்வி கேட்பார்கள்: "துணைக்கு யாரு?" டியூஷனுக்குப் போகத் துணை, கடைத்தெருவுக்குப் போகத் துணை, ஹாஸ்டலுக்குப் போகவும் துணை. தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி கூட வந்தால் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்புவார்கள். வராவிட்டால் திண்டிவனம்கூட வெளிநாடு.

எனக்குத் துணை தயாராக இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, மேலே சொன்ன தோளுக்குச் சொந்தக்காரி. அவளுடைய அப்பா செஞ்சியில் உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அவளுக்குச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பைக்கில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ரெண்டு பேரும் ஒரே லிஸ்ட் போடட்டும், ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல், ரெண்டும் ஒண்ணா போய் ஒண்ணா வரட்டும் என்றார். நைனாவுக்கு ஒரே பெருமை. ஊரில் நாலு பேர் பார்க்க, உரக்கடைக்காரர் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நம் பெண்ணின் படிப்பைப் பற்றிப் பேசுகிறாரே! "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்தச் 'சரி'யை எனக்கும் சேர்த்துச் சொன்ன சரியாக எடுத்துக்கொண்டேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. நானும் வாயைத் திறக்கவில்லை என்பதும் உண்மை.

இப்போது அந்த மேஜைக்கு வருகிறேன். கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டிய நாளன்று, தோழியின் அப்பா தன் காரிலேயே என்னையும் அம்மாவையும் அழைத்துப் போனார். மிஸ் முதலில் தோழியின் வரிசையைப் போட்டு முடித்தார். அடுத்து நான். "இவளுக்கும் அதே லிஸ்ட்தான் மிஸ்" என்று தோழியின் அப்பாவே சொன்னார். மிஸ் என்னைப் பார்த்தார். கிணற்றடியில் நான் கத்தியபோது பக்கத்தில் நின்றவர் அவர். கேட் வரைக்கும் நான் ஓடியதையும் பார்த்திருந்தார். பிரிண்டர் சூடாகிவிட்டது, கொஞ்சம் நேரமாகும், எல்லோரும் வெளியே போய் ஏதாவது குடித்துவிட்டு வாருங்கள் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டார். எங்கள் மிஸ் அவ்வளவு சாமர்த்தியசாலி என்று எனக்கு அதுவரை தெரியாது. பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இப்ப யாரும் இல்ல. சொல்லு, உனக்கு இன்னா படிக்கணும்?"

நான் கீழே பார்த்தேன்.

"அக்ரி இன்ஜினியரிங் உன் ரேங்குக்குக் கெடைக்கும். கோயம்புத்தூர் பக்கமே கெடைக்கும். லிஸ்ட்ல மேல ரெண்டு மூணு காலேஜ் சேத்துடறேன். வீட்ல நான் பேசறேன். நீ ம்னு சொன்னா போதும்."

ஒரு 'ம்'. அதுதான் அவர் கேட்டது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். மரத்தடியில் தோழியின் அப்பா எங்கள் அம்மாவுக்கு இளநீர் சீவி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா கூச்சத்தோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தோழி எனக்கும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் வா என்று என்னைப் பார்த்து ஜாடை காட்டினாள். இவ்வளவு நல்ல மனிதர்களுக்கு எதிராக எப்படி 'ம்' சொல்வது? நைனா சொன்ன சொல் என்னாவது? அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், பயமும் இருந்தது. தெரியாத ஊர், தெரியாத ஹாஸ்டல், பக்கத்தில் சாய்ந்துகொள்ளத் தோள் இல்லை. துணை வேண்டும் என்று வீட்டில்தான் சொன்னார்கள் என்று பழி போட முடியாது. அது எனக்குள்ளேயும் ஊறிப்போயிருந்தது.

"அவ போட்டதே போடுங்க மிஸ்" என்றேன்.

மிஸ் இன்னொரு முறை கேட்டார். நானும் இன்னொரு முறை அதையே சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். உறுதி செய்வதற்கான ஓடிபி நைனாவின் போனுக்குப் போனது. சாரத்தின் மேலே நின்றபடி, ஏதோ பரிசு நம்பரைப் படிப்பதுபோல் அவ்வளவு சந்தோஷமாக ஒவ்வொரு எண்ணாகப் போனில் கத்திச் சொன்னார் நைனா. மிஸ் அதை அடித்தார். முடிந்தது. வெளியே வந்து என் இளநீரைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நினைத்தபடியே இருவருக்கும் ஒரே கல்லூரி கிடைத்தது, கம்ப்யூட்டர் சயின்ஸ். ஹாஸ்டலில் ஒரே அறை. முதல் சில வாரங்கள் திருவிழா மாதிரி போயின. அதன் பிறகு ஒரு நாள் தோழி அழுதுகொண்டே வந்தாள். அவளுடைய அப்பா ஒரு பக்கம் வேளாண் படிப்புக்கும் அவள் பேரில் விண்ணப்பித்திருக்கிறார். இப்போதெல்லாம் உரக்கடை நடத்தவே படிப்பு கேட்கிறார்களாம், பெண் அக்ரி படித்தால் கடைக்கு நல்லது என்று நினைத்திருக்கிறார். கிடைக்காது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. கடைசிச் சுற்றில் பக்கத்து மாவட்டத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. அவளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஆனால் போனாள். போகும்போது தன் பக்கெட்டையும் மக்கையும் எனக்கே வைத்துவிட்டுப் போனாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாருக்கு யார் துணையாக வந்தோம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே குழப்பமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அன்று மாலை எனக்குள் ஒரு நப்பாசை வந்தது. துணை போய்விட்டது, நைனா இனி இங்கே இருக்க வேண்டாம் என்று கூப்பிட்டுக்கொள்வார், வீட்டுக்குப் போய் அடுத்த வருடம் நான் நினைத்ததற்கு முயற்சி செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு நைனா ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஹாஸ்டல்ல வேற பொண்ணுங்கல்லாம் இருக்குதுங்க இல்ல?"

"இருக்குதுங்க."

"அப்பறம் இன்னா பயம்? இருந்துக்கோ."

அவ்வளவுதான். அத்தனை வீடுகளில், அத்தனை வாய்களில் கேட்ட 'துணைக்கு யாரு' என்ற கேள்வி, ஒரு போன் காலில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நாலு வருடமும் அந்த ஹாஸ்டலில் தனியாகவே இருந்தேன். தனியாகவே பஸ் ஏறினேன், தனியாகவே காய்ச்சலில் படுத்து எழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இதே தனிமையை நான் கோயம்புத்தூர் பக்கத்திலும் இருந்து கழித்திருக்கலாமே என்று நினைக்கும்போது அழுகையைவிட ஆத்திரம்தான் வரும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தோழி அடிக்கடி போன் செய்வாள். "ஏய், இங்க மண்ண நக்கிப் பாக்காததுதான் பாக்கிடி, மத்ததெல்லாம் பண்ண சொல்லிட்டாங்க" என்று புலம்புவாள். நான் அவளை விடமாட்டேன். என்ன மண், எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், பாசனத்தைப் பற்றி என்ன நடத்தினார்கள் என்று குடைந்து குடைந்து கேட்பேன். என் புரோகிராம்களில் வரும் தப்புகளைப் பற்றி அவள் ஆசையாகக் கேட்பாள். அவள் பாடத்தை நானும் என் பாடத்தை அவளும் போனிலேயே படித்தோம் என்று சொல்லிச் சிரிப்போம்.

படித்து முடித்து இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நன்றியில்லாமல் பேசக்கூடாது. எங்கள் ஓட்டு வீடு மாடி வீடானது இந்தச் சம்பளத்தில்தான். இப்போது மட்டும் என்ன கெட்டுவிட்டது, மேற்படிப்பாக அதைப் படியேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடிப்படைப் படிப்பே வேறு, அதோடு வீட்டுக்கடன் என் சம்பளத்தை நம்பித்தான் ஓடுகிறது. செய்யலாம்தான், செய்ய முடியவில்லை.

போன வருடம் ரிசல்ட் வந்த சமயத்தில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் அனுமதித்திருந்தார்கள், ஊரில் இருந்தேன். நைனாவோடு வேலை செய்கிற ஒரு சித்தப்பா, சொந்தமில்லை, பழக்கத்தில் சித்தப்பா, தன் பெண்ணோடு வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண் காடு வளர்ப்பு சம்பந்தமான படிப்புக்கு மேட்டுப்பாளையம் பக்கம் போக வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்துவிட்டாளாம். எங்கள் நைனா சொன்னால் தன் அப்பா கேட்பார் என்று அவளேதான் அவரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் உள்ளறையில் லேப்டாப் முன்னால் மீட்டிங்கில் இருந்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டேன்.

"அவ்ளோ தூரம், துணைக்கு யாரும் இல்லியேண்ணா" என்றார் சித்தப்பா.

நைனா சிரித்தார். "துணை இன்னாய்யா துணை? எம் பொண்ணு நாலு வருஷம் தனியாதான இருந்தா. இன்னா கெட்டுப்போச்சு? பொண்ணு ஆசப்படுது, அனுப்புய்யா."

அவர் குரலில் அவ்வளவு பெருமை. அந்தப் பெண் சந்தோஷத்தில் 'பெரியப்பா' என்று கத்தியது எனக்குக் கேட்டது. அவளுக்காக எனக்கும் உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆனால் காதிலிருந்து கழற்றியதைத் திரும்ப மாட்டவில்லை. அவர்கள் போன பிறகு வெளியே வந்தேன். நைனா லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன். கிணற்றைப் பற்றி, அந்த அக்காவைப் பற்றி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மிஸ் கேட்டதைப் பற்றி. அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அம்மாவும் கிண்டலோடு அதை மறந்துவிட்டிருந்தாள். நைனா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீ கம்பூட்டர்தான் ஆசப்பட்டன்னு இல்ல இத்தினி நாளா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கறேன்" என்றார்.

"நான் அப்ப கேட்டிருந்தா அனுப்பியிருப்பியா நைனா?"

அனுப்பியிருப்பேன் என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். நைனாவுக்குப் பொய் சொல்ல வராது. சிமெண்டில் வெடித்த உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"தெரிலம்மா" என்றார். "நீ கேட்டிருந்தாதான எனக்கே தெரிஞ்சிருக்கும்."

அவர் ஒருமுறை 'முடியாது' என்று சொல்லியிருந்தால், அவரைக் குறை சொல்லியாவது என் மனதை நான் ஆற்றிக்கொண்டிருப்பேன். சொல்லாத அந்த வார்த்தையை நானே அவர் வாயில் வைத்து, அதற்கு நானே பயந்து, கேட்காமலேயே விட்டுவிட்டேன் என்பதை மட்டும் எதைச் சொல்லி ஆற்றிக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.